பாட்டுக்கும் உண்டு பத்தியம்

"மாமி, எனக்குப் பாடவே வராதே! நான் என்ன பண்ணுவேன்?"

கண்ணில் நீர் முட்ட இப்படிக் கேட்டவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளுக்கு எட்டாம் மாதமே வலி கண்டுவிட்டது. பிறந்தபோது குழந்தையின் எடை 1 கிலோ 700 கிராம். 22 நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தது. பார்த்துவிட்டு வரலாமென்று போயிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்: "குழந்தைகிட்டே பேசும்மா, பாடும்மா. உன் குரல் அதுக்குத் தெரியும்" என்று. இவளுக்கோ வாயைத் திறந்தால் பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்ததாம். 'நான் பாடாததால்தான் குழந்தை எடை ஏறவில்லையோ?' என்று மனசுக்குள் ஒரு முள். போதாக்குறைக்கு அவள் அம்மா, உறவுக்காரர் யாரோ செல்போனில் அனுப்பியிருந்த பட்டியல் ஒன்றை என்னிடம் நீட்டினாள். இன்ன வியாதிக்கு இன்ன ராகம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. "தூக்கத்துக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, சர்க்கரைக்கு ஒண்ணு... இத்தனை இருக்கு மாமி. இவளுக்கு ஸரிகம கூடச் சரியா வராது. பாட்டு கிளாஸுக்குப் போடின்னு அப்பவே முட்டிண்டேன்!" என்றாள்.

அன்றைக்கு அம்மா, பெண் இரண்டு பேரிடமும் உட்கார்ந்து சொன்னதைத்தான் இந்த இதழில் உங்களிடமும் சொல்லப் போகிறேன். பாட்டுக்கு நோயைத் தணிக்கும் சக்தி உண்டா? உண்டு. அதற்கும் அளவு, முறை, பத்தியம் என்று இருக்கிறதா? அதுவும் உண்டு.

ரேடியோ கேட்பது வேறு, சிகிச்சை வேறு

வேலை செய்தபடி பிடித்த பாட்டைக் கேட்கிறோம், மனசு லேசாகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குப் பெயர் இசை மருத்துவம் இல்லை. முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு, ஒரு குறிப்பிட்ட பலனை மனத்தில் வைத்து, இசையைக் கருவியாகப் பயன்படுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவதற்கும் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து மருந்து எழுதித் தருவதற்கும் உள்ள வித்தியாசம் இதிலும் இருக்கிறது.

இது ஒரு தனிப் படிப்பாக வளர்ந்தது அமெரிக்காவில். இரண்டாம் உலக யுத்தத்தில் அடிபட்டு, மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்கள் நிறைந்த ஆஸ்பத்திரிகளில், பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வந்து வாசித்தார்கள். சிப்பாய்களிடம் மாறுதல் தெரிந்தது. ஆனால் நன்றாக வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நோயாளியைப் புரிந்துகொள்ளவும் பயிற்சி வேண்டும் என்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்தது. 1944-ல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் முதல் பட்டப் படிப்பு ஆரம்பமானது. 1950-ல் அந்த நாட்டில் இதற்கென்று ஒரு சங்கமே அமைந்தது.

நம் பக்கத்தில் நம்பிக்கை அதைவிடப் பழையது. முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடருடைய தீராத வயிற்றுவலி தீர வேண்டி, அடாணா ராகத்தில் வியாழ பகவான்மேல் கிருதி இயற்றினார் என்று சங்கீத உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் ராகங்களின் குணம் பற்றிச் சென்னையில் ஆராய்ச்சி மையமே நடத்தினார். இப்போது புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தே இசை மருத்துவம் கற்றுத் தருகிறார்கள்.

என் சித்தப்பா கதை

பட்டியல் காட்டிய அம்மாளுக்கு நான் சொன்ன கதை இது. என் சொந்தச் சித்தப்பா. பல வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். சங்கீதப் பைத்தியம். இதே மாதிரி ஒரு பட்டியல் அவர் கைக்கும் வந்தது. 'காலையில் அரைமணி, ராத்திரி அரைமணி இந்த ராகத்தைக் கேட்டால் போதும்' என்று யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டார். சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்ததாம். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ரத்த அழுத்தம் அப்படித்தான், பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வராது. மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலையில் பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில்தான் வராது. 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லுக்காக நெற்றி நரம்பு புடைக்க முயற்சி செய்வார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், சித்தி விளக்கேற்றிவிட்டு வழக்கமான பாட்டைப் பாடியிருக்கிறாள். படுக்கையிலிருந்து கூடவே ஒரு குரல்! சித்தப்பா பாடுகிறார். ஒரு வார்த்தை சொல்ல முடியாத மனிதர், இரண்டு அடியை வார்த்தை பிசகாமல் பாடினார்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "இது நடக்கும் அம்மா, இதை வைத்தே பேச வைக்கலாம்" என்றாள். பேச்சைப் பிறப்பிக்கும் பகுதி, பெரும்பாலோருக்கு மூளையின் இடது பக்கம் இருக்கிறது. பாட்டு அப்படி ஒரே பக்கத்தில் அடங்குவதில்லை, வலது பக்கமும் அதில் சேர்கிறது. இடது பக்கம் அடிபட்டாலும் பாட்டின் வழியாக வார்த்தை வெளியே வர ஒரு சந்து கிடைக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவ நிபுணர்கள் 1973-ல் இதையே ஒரு சிகிச்சை முறையாக வகுத்தார்கள். சின்னச் சின்ன வாக்கியத்தை இரண்டே ஸ்வரத்தில், ஏற்றி இறக்கி, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தட்டியபடி ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்கு வர வேண்டும். 2011-ல் தலையில் குண்டு பாய்ந்து பேச்சை இழந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் காப்ரியேல் கிஃபோர்ட்ஸ் மறுபடி பேசக் கற்றதில் இசை மருத்துவத்துக்கும் பங்கு உண்டு.

எங்கள் சித்தப்பா முதலில் 'காபி வேணும்' என்பதைப் பாடினார். ஐந்தாறு மாதத்தில் பாடாமலே கேட்க ஆரம்பித்தார். பழைய பேச்சு முழுதும் வரவில்லை. கையும் பாதிதான் வந்தது. இன்றைக்கு மாத்திரையும் உண்டு, பாட்டும் உண்டு.

பாருங்கள், ஒரே மனிதர். மருந்தைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் பிடித்தபோது அவரால் அபாயத்திலிருந்து தப்ப முடியவில்லை. மருந்தோடு சேர்ந்தபோது அதே பாட்டு அவரைப் பேச வைத்தது. இசை மருத்துவத்தின் முதல் பத்தியம் இதுதான்: டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. பாட்டு மருந்துக்குத் துணை. மருந்துக்குச் சக்களத்தி இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் தாலாட்டு

இனி எதிர்வீட்டுப் பெண்ணின் கவலைக்கு வருவோம்.

வயிற்றில் இருக்கும்போதே, ஏழாம் மாதத்துக்குள் குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடுகிறது. அதிகம் கேட்பது யார் குரலை? அம்மாவுடையதைத்தான். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், வேறு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலைக் கேட்பதற்காகவே சப்புகிற விதத்தை மாற்றிக்கொண்டன என்று 1980-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆக, நர்ஸம்மா சொன்னது முழுக்க உண்மை.

குறைமாதக் குழந்தைகளுக்கு இசை எப்படி உதவுகிறது என்று நியூயார்க்கைச் சேர்ந்த இசை மருத்துவர் ஜோயன் லோவியும் அவர் குழுவும் 11 ஆஸ்பத்திரிகளில், 272 குழந்தைகளிடம் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று விதமான ஓசைகள். ஒன்று, பெற்றோருக்குப் பிரியமான பாட்டைத் தாலாட்டு நடையில் மெதுவாக்கி நேரில் பாடுவது. இன்னொன்று, மரப்பெட்டி ஒன்றை விரலால் தட்டி எழுப்பும் இதயத்துடிப்பு மாதிரியான ஓசை. மூன்றாவது, கர்ப்பத்துக்குள் கேட்கும் நீரோசை போன்ற சலசலப்பு. எல்லாம் குழந்தையின் மூச்சைப் பார்த்துப் பார்த்து, அதோடு இசைந்து போகும்படி.

தாலாட்டின்போது குழந்தைகளின் இதயத்துடிப்பு நிதானப்பட்டது. நீரோசை தூக்கத்தில் மாறுதல் தந்தது. பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டைக் கேட்ட குழந்தைகள் நன்றாகச் சப்பின, உள்ளே போன ஆகாரமும் கூடியது. இத்தனைக்கும் மேல் ஒன்று: பெற்றோரின் மனப்பதற்றமும் குறைந்தது.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். அவர்கள் எந்த உயர்ந்த ராகத்தையும் தேடிப் போகவில்லை. அந்தந்தக் குடும்பத்துக்குப் பிரியமான பாட்டு எதுவோ, அதுவே மருந்தாயிற்று. சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரிதான்! இரண்டாவது, ஒலித்தட்டைச் சுழலவிட்டுவிட்டுப் போகவில்லை. மனிதர் பக்கத்தில் இருந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்து, அது சிணுங்கினால் நிறுத்தி, அமைதியானால் தொடர்ந்து பாடினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. ஐந்து நாடுகளில் நடத்தி 2022-ல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், இசை மருத்துவம் பெற்ற தாய்மாருக்கும் பெறாத தாய்மாருக்கும் குழந்தையோடு உள்ள ஒட்டுதலில் பெரிய வித்தியாசம் காணவில்லை. இதைக் கேட்டதும் அந்தப் பெண் முகத்தில் ஒரு நிம்மதி! ஆமாம் பெண்ணே, நீ பாடாததால் குழந்தைக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. பாடினால் நல்லது. பாடாவிட்டால் பாவமில்லை. மார்போடு அணைத்து, உடம்புச் சூடு படும்படி வைத்துக்கொண்டு, நாலு வார்த்தை பேசினாலே அதற்குப் போதும்.

மொசார்ட் கேட்டால் மூளை வளருமா?

'கர்ப்பத்திலேயே மொசார்ட் இசை கேட்டால் குழந்தை மேதையாகும்' என்று ஒரு பேச்சு உண்டல்லவா? அது கிளம்பியது 1993-ல். 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிஷம் மொசார்ட் கேட்டார்கள். உடனே வைத்த ஒரு சின்னச் சோதனையில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பலன் கால்மணிக்குள் கரைந்தும் போயிற்று. சோதனையில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை! இருந்தும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். வயிற்றில் இயர்போனை வைத்து அழுத்துகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வேண்டாம். உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் கேளுங்கள். உங்கள் மனசு குளிர்ந்தால் அதுவே பெரிய லாபம்.

பாட்டு அம்மாவுக்கும்தான்

பிள்ளை பெற்றவளைப் பற்றிப் பேசாமல் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவது நம் வீடுகளில் ஒரு வழக்கம். பாட வாய் திறந்தால் அழுகை வந்தது என்றாளே, என்னை உறுத்தியது அதுதான்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். தானே சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மனச்சோர்வு விடவில்லை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, 'நான் ஒரு நல்ல அம்மா இல்லை' என்ற நினைப்பே ஓடுகிறது என்றால் அது சோம்பேறித்தனமுமில்லை, திமிருமில்லை. வியாதி. குணமாகக் கூடிய வியாதி.

லண்டனில் இப்படிச் சோர்ந்த 134 தாய்மார்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் கைக்குழந்தையோடு வாரம் ஒரு முறை கூடிப் பாடினார்கள். இன்னொரு பிரிவு கூடி விளையாடியது. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இப்படிப் பத்து வாரம். நடுத்தரமாகவும் கடுமையாகவும் பாதிக்கப்பட்டிருந்தவர்களில், பாடின தாய்மார்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே தேற ஆரம்பித்தார்கள் என்று 2018-ல் தெரிவித்தார்கள். யாருக்கும் பாட்டுப் பரீட்சை வைக்கவில்லை! நம் பாட்டிமார் கும்மியடித்ததும், நடவு வயலில் சேர்ந்து பாடியதும் நினைவுக்கு வருகிறதல்லவா?

ஆனாலும் முதல் பத்தியத்தை மறக்க வேண்டாம். பாட்டு துணைதான், டாக்டரைப் பார்ப்பது அவசியம். உயிரை மாய்த்துக்கொள்ளலாம், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே, அந்த நேரமே வீட்டில் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம்தான், தமிழிலும் பேசலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. தாலாட்டு நினைவில்லையா? உங்களுக்குப் பிடித்த எந்தப் பாட்டையும் பாதி வேகத்தில், மெல்லிய குரலில் பாடுங்கள். வார்த்தை மறந்தால் 'உம்... உம்...' என்று ராகம் இழுங்கள். ஒரே பாட்டை தினமும், தூங்கும் நேரத்தில் பாடினால், அது தூக்கத்துக்கு அடையாளமாகிவிடும்.

2. குழந்தை முகத்தைத் திருப்பினால், விரலை விரித்து விறைத்தால், கொட்டாவி மேல் கொட்டாவி விட்டால், 'போதும்' என்று அர்த்தம். நிறுத்திவிடுங்கள். முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு. அவர்கள் இருக்கும் அறையில் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60!

3. செல்போனையோ, சத்தம் எழுப்பும் பொம்மையையோ தொட்டிலுக்குள் வைக்காதீர்கள். ஏழடியாவது தள்ளியிருக்கட்டும். குழந்தை தூங்கியதும் அணைத்துவிடுங்கள்.

4. சாதாரணமான தூங்கமின்மைக்கு, படுக்கப் போகுமுன் அரைமணி வார்த்தைகள் அதிகமில்லாத, நிதானமான இசை கேட்டுப் பாருங்கள். புல்லாங்குழலோ வீணையோ, உங்கள் விருப்பம். நீலாம்பரி பிடித்தால் பேஷாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் கட்டாயமில்லை.

5. வீட்டில் நினைவு மங்கிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் இள வயதில் கேட்ட பாட்டுகளைப் போடுங்கள். பேரன் பெயர் மறந்தவர்கள்கூட அந்தக் காலத்துப் பாட்டை அடி பிசகாமல் பாடுவதைப் பார்க்கலாம். நடுக்குவாதத்தில் நடை தடுமாறுகிறவர்களுக்குத் தாளம் துணை செய்யும். ஆனால் அந்தப் பயிற்சியை டாக்டரிடமோ, உடற்பயிற்சி நிபுணரிடமோ கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

6. ஒருவருக்கு இதமான பாட்டு இன்னொருவருக்கு ரணத்தைக் கிளறலாம். இறந்தவரை நினைவூட்டும் பாட்டாக இருக்கலாம். 'இது நல்லது, கேளு' என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், செல்போனை மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தாள். "பாட்டு கிளாஸுக்குப் போகலைன்னு இனிமே இவளைச் சொல்ல மாட்டேன்" என்றாள். மறுநாளே பெண்ணை டாக்டரிடமும் அழைத்துப் போனாள். 'நல்ல காலம், சீக்கிரம் வந்தீர்கள்' என்றாராம் டாக்டர்.

போன வாரம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பாட்டு கேட்டது. ஸ்ருதி சேரவில்லை. தாளமும் கொஞ்சம் முன்னே பின்னேதான். ஏதோ சினிமாப் பாட்டு, பாதிக்கு மேல் வெறும் 'உம்... உம்...'. நடுவில் குழந்தை சிணுங்கியது. பாட்டு நின்றது. மறுபடி இன்னும் மெதுவாக ஆரம்பித்தது. அப்புறம் சிணுங்கல் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுத் தொட்டில் பாட்டு எது? எழுதுங்களேன். அடுத்த இதழில் சந்திப்போம்.